நடக்கவும் பிடிக்கவில்லை, டொக்டரிடம் கேட்கவும் வாய் வரவில்லை என்ற டீச்சருக்கு

உங்கள் கேள்வியை நிதானமாக வாசித்தேன், டீச்சர். வயது 48, வீடு திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம். சீனி வருத்தமும் பிரஷரும் இருப்பதாக இந்த வருஷம்தான் தெரியவந்து, சீனிக்கு மெட்போமினும் பிரஷருக்கு லொசாட்டனும் தந்திருக்கிறார்கள். கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் “நடவுங்கோ” என்கிறார்கள். நீங்களும் நாலு நாள் நடக்கிறீர்கள், அப்புறம் விட்டுவிடுகிறீர்கள். அடுத்த கிளினிக்கில் ஏச்சு விழுமே என்ற பயத்தில் “நடக்கிறேன் டொக்டர்” என்று சொல்லிவிட்டு, கேட்க நினைத்த எதையும் கேட்காமல் திரும்பி வருகிறீர்கள். உடற்பயிற்சியை எப்படி விருப்பத்தோடு செய்வது, டொக்டரிடம் போக எப்படித் தயாராவது என்று இரண்டு கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. நடையைத் தண்டனையாக ஏற்றுக்கொண்டதால், தண்டனை நிறைவேறியதா என்று பார்க்கிற ஆளாக டொக்டர் மாறிவிட்டார். இதில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் பாதி சரியாகும்.

நான் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), கிழக்கு மாகாண ஆஸ்பத்திரிகளில் பல வருஷம் வேலை செய்தவள். முழங்காலும் முதுகும் சீனி வருத்தத்துக் கால்களும்தான் என் அனுபவம். மருந்தைக் கூட்டிக் குறைப்பது என் வேலையில்லை, உங்களை நேரில் பார்க்கவுமில்லை. அதனால் இங்கே எழுதுவதில் உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று சந்தேகம் வரும் எதையும் கிளினிக்கில் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

நடையை விடுகிறவர்களில் பெரும்பாலானோர் சோம்பலால் விடுவதில்லை, முதல் நாளே பிடிக்கும் வேகத்தால்தான் விடுகிறார்கள். டொக்டர் சொல்லிவிட்டார், நல்லாய் வியர்க்க வேண்டும் என்று மூச்சிரைக்க நடக்கிறார்கள். ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் ஒன்று உண்டு: கதைக்கச் சிரமப்படாத வேகம் வரைக்கும் பலருக்கு நடை இதமாகவே இருக்கும், அந்த எல்லையைத் தாண்டியதும் அநேகமாக எல்லோருக்குமே மனம் கசக்கத் தொடங்கும். அந்த எல்லையைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். பக்கத்தில் வருகிறவரோடு கதைக்க ஏல வேண்டும், பாட்டுப் பாட ஏலக்கூடாது. அதுதான் போதுமான வேகம். ஒரு வசனத்தைப் பாதியில் நிறுத்தி மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் வேகத்தைக் குறையுங்கள். முதல் இரண்டு கிழமை பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தாலும் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று, முதல் பத்து நிமிஷத்தை நம்பாதீர்கள். உட்கார்ந்திருந்த உடம்பு நடக்கத் தொடங்கியதும் தசைக்கு ஒட்சிசன் தேவை சட்டென்று ஏறும். இதயமும் இரத்தக் குழாய்களும் அதற்கு ஈடு கொடுக்கச் சில நிமிஷம் எடுக்கும். அந்த இடைவெளியில் கால் கனக்கும், “இது எனக்குச் சரிவராது” என்று மனம் சொல்லும். அது கடந்ததும் இலகுவாகிவிடும். ஆட்களிடம் நடக்க முன் “எவ்வளவு பிடிக்கும்?” என்று கேட்டு, முடிந்த பிறகு “எவ்வளவு பிடித்தது?” என்றும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். எதிர்பார்த்ததை விடப் பிடித்திருந்தது என்றுதான் விடை வந்தது. தொடக்கத்தின் கஷ்டத்தை வைத்தே முழு நடையையும் எடை போடுகிறோம் என்பதுதான் காரணம். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். கலண்டரில் அன்றைய திகதிக்குள், புறப்பட முன் ஒரு புள்ளி, திரும்பி வந்து ஒரு புள்ளி, பத்துக்கு இத்தனை என்று போடுங்கள். பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டுப் பழகிய கை உங்களுடையது. இரண்டு கிழமை போன பிறகு அந்த எண்கள் சொல்வதை நான் சொல்வதை விட அதிகமாக நம்புவீர்கள்.

கடினமான பகுதியை முதலில் வைத்து, லேசான பகுதியில் முடித்தால் அந்தப் பயிற்சி மனதில் நல்லதாகத் தங்குகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். திருகோணமலையில் இதற்கென்றே அமைந்த மாதிரி ஒரு பாதை இருக்கிறது. கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்குப் போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். மான் கூட்டம் ரோட்டைக் கடக்கும் வரைக்கும் நின்றால் இளைப்பாறவும் ஒரு சாட்டுக் கிடைக்கும். ஆனால் முழங்கால் நோ உள்ளவர்களுக்கு இறக்கம்தான் அதிகம் நோகும், அவர்கள் சிறு அடியாக எடுத்து வைத்து இறங்க வேண்டும். சீனி வருத்தக்காரர் எல்லோருக்கும் இதையும் சொல்லுவேன்: செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மத்தியான வெயிலில் கோயில் கல்லில் நடக்காதீர்கள். நரம்பு பழுதாகத் தொடங்கிய காலுக்குச் சூடு விளங்காது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம் எழும்பியிருக்கும், அது ஆறாத புண்ணாகிக் கிளினிக்குக்கு வந்த கால்களைப் பார்த்திருக்கிறேன். காலையோ பின்னேரமோ போய்க் கும்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்குக் கடற்கரைதான் கிட்ட. காய்ந்த மணலில் கால் புதையும், அதனால் அதே வேகத்துக்கு இரண்டு மடங்கு பாடுபட வேண்டியிருக்கும், தொடங்குகிறவருக்கு அது வேண்டாம். அலை வந்து போன ஈர மணல் இறுகியிருக்கும், அதில் நடங்கள். கரை சரிவாக இருப்பதால் ஒரே பக்கமாக நெடுக நடந்தால் இடுப்பும் முழங்காலும் ஒரு பக்கத்துக்கே பாரம் தாங்கும். பாதி தூரத்தில் திரும்பி வந்தால் சமனாகிவிடும். வெறுங்காலோடு வேண்டாம். சிப்பித் துண்டும் முருகைக்கல்லும் தூண்டில் முள்ளும் மணலுக்குள் இருக்கும், பின்பக்கம் வார் போட்ட செருப்பு ஒன்று போதும். சித்திரைக்குப் பிறகு கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் இடுப்பளவு தண்ணீரில் நடக்கலாம், ஆட்களோடு, நீரோட்டம் இல்லாத இடத்தில். தண்ணீர் உடல் பாரத்தைத் தாங்குவதால் முழங்கால் நோகிறவர்களுக்கு அதைவிட இதமான பயிற்சி குறைவு.

“காலையில் தனியாக நடந்தால் ஆட்கள் என்ன நினைப்பார்கள், நாய் வேறு துரத்துகிறது” என்றும் எழுதியிருந்தீர்கள். இதைச் சின்ன விஷயம் என்று தள்ள மாட்டேன். எங்கள் ஊர்ப் பெண்கள் நடையை விடுவதற்கு முழங்காலை விட இதுதான் பெரிய காரணம். ஒரு துணையைப் பிடியுங்கள், அல்லது போவதற்கு ஒரு காரணத்தைப் பிடியுங்கள். தம்பலகாமத்திலிருந்து முழங்கால் நோவோடு ஒரு அம்மா வந்துகொண்டிருந்தார். நான் எழுதிக்கொடுத்த பயிற்சித் தாள் மடிப்புக் கலையாமல் அவருடைய பைக்குள்ளேயே கிடக்கும். கதைத்துக்கொண்டிருக்கும்போது கோயிலுக்குப் பூமாலை கட்டுவதென்றால் அவருக்கு உயிர் என்று தெரியவந்தது. சரி, பயிற்சியை விடுங்கோ, காலமை ஒழுங்கைகளைச் சுற்றிப் பூ ஆய்ந்து கொண்டுவாங்கோ, மாலை கட்டும்போது நிலத்தில் இராமல் கதிரையில் இருங்கோ, ஒரு சரம் முடிந்ததும் கையை ஊன்றாமல் எழும்பி இருங்கோ என்றேன். அதை அவர் விடவேயில்லை. செம்பரத்தையும் நந்தியாவட்டையும் இருக்கிற வீடுகள் எல்லாம் அவருக்குப் பழக்கமாகிவிட்டன. எந்த வீட்டில் என்ன பூத்திருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தொடங்கியபோது, முழங்காலைப் பற்றிக் கதைப்பது குறைந்திருந்தது. உங்களுக்கு அது சந்தைக்குப் போய் மீன் வாங்குவதாக இருக்கலாம், பத்திரகாளி அம்மன் கோயிலாக இருக்கலாம், ஒரு சிநேகிதியின் வீடாக இருக்கலாம். உடற்பயிற்சி என்ற பெயரே வேண்டாம்.

எவ்வளவு நடக்க வேண்டும் என்பதில் நிச்சயமானதும் இருக்கிறது, சந்தேகமானதும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது கிழமைக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி. முன்பெல்லாம் ஒரே தடவையில் பத்து நிமிஷமாவது நடந்தால்தான் கணக்கு என்றார்கள். 2020ஆம் ஆண்டு வழிகாட்டியில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிஷமும் கணக்குத்தான். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பது ஆராய்ச்சியில் பிறந்த எண் இல்லை. 1965ஆம் ஆண்டளவில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. வயதான பெண்களிடம் செய்த பெரிய ஆய்வொன்றில் நாளுக்கு 4,400 அடி அளவிலேயே நன்மை தெரியத் தொடங்கி, 7,500 அளவில் அதற்கு மேல் கூடாமல் நின்றது. ஆகவே பத்தாயிரம் வரவில்லையே என்று கவலைப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

சீனிக்கு நடை உதவுவது நிச்சயமானது. தசை சுருங்கும்போது இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே இரத்தத்திலுள்ள சீனியை உள்ளே இழுக்கிறது. நடந்து முடிந்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரைக்கும் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடவேண்டாம் என்கிறோம். இராத்திரிப் புட்டோ இடியப்பமோ சாப்பிட்டு முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிஷம் வளவுக்குள் மெல்ல நடப்பது, சாப்பாட்டுக்குப் பிந்திய சீனி ஏற்றத்தைக் குறைக்கும். ஒன்றுமே ஏலாத நாளில் இதை மட்டும் செய்யுங்கள். “நாள் முழுக்க வகுப்பில் நிற்கிறேனே, அது காணாதா?” என்று கேட்டிருந்தீர்கள். காணாது. நிற்கும்போது கெண்டைக்கால் தசை பெரிதாக வேலை செய்வதில்லை, இரத்தம் காலில் தேங்கி வீக்கம்தான் வரும். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், வாங்குகளுக்கு நடுவே நடந்து பாருங்கள்.

எடை குறையும் என்பதற்காக மட்டும் நடப்பவர்கள் ஏமாறுவார்கள். நடையால் மட்டும் குறையும் எடை கொஞ்சம்தான், சோற்றுக் கோப்பையைத் தொடாமல் அது நடக்காது. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதும் நம்பத் தகுந்ததில்லை. லண்டனில் நடந்து 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். அதில் ஆறுதலான செய்தி, இடையில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் கெடவில்லை என்பது. ஐந்தாம் நாள் விட்டால் ஆறாம் நாள் போகலாம். கன்னியா வெந்நீர் ஊற்றில் குளித்தால் மூட்டு வருத்தம் மாறும் என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் இறுக்கத்தைக் கொஞ்ச நேரம் தளர்த்தும் என்பது உண்மை. தேய்ந்த மூட்டைச் சரியாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. போய்க் குளித்துச் சந்தோஷமாக வாருங்கள், பயிற்சியை மட்டும் விடாதீர்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஏழு மணிக்கே வெயில் சுடும், ஆறு மணிக்கு முடித்துக்கொள்வதே நல்லது. பிரஷர் மாத்திரை எடுக்கிறவர்கள் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்தால் தலை சுற்றும். மாரி மழைக்கு வெளியே போக ஏலாத நாட்களில், கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பி மெதுவாக இருப்பதைப் பத்துத் தடவை, இளைப்பாறி இன்னொரு பத்து என்று செய்யுங்கள். சுவரில் கையை வைத்துத் தள்ளுங்கள். கிழமைக்கு இரண்டு நாள் செய்ய வேண்டிய பலப் பயிற்சி அதிலேயே தொடங்கிவிடும்.

இனிக் கிளினிக். அந்தக் கூட்டத்தில் டொக்டருக்கு உங்களோடு செலவழிக்கக் கிடைப்பது சில நிமிஷம்தான். அது அவருடைய குற்றமுமில்லை, உங்களுடையதுமில்லை. அதனால் முதல் நாள் இராத்திரியே ஒரு தாளில் எழுதுங்கள். மேலே, உங்களை அதிகம் கவலைப்படுத்தும் ஒரேயொரு கேள்வி. அதை உட்கார்ந்தவுடன் கேளுங்கள், எழும்பும்போது கேட்க வைத்திருந்தால் கேட்க மாட்டீர்கள். அதற்குக் கீழே, போன முறைக்குப் பிறகு என்ன மாறியது என்று இரண்டு வரி. அதற்குக் கீழே நடையைப் பற்றி உண்மை: “கிழமையில் மூன்று நாள், இருபது நிமிஷம், ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, நோ இல்லை.” புள்ளி போட்ட அந்தக் கலண்டர் தாளே போதும். “நடக்கிறேன்” என்ற ஒரு சொல்லை வைத்து டொக்டரால் ஒன்றும் செய்ய ஏலாது. ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்று சொன்னால், ஈசிஜி எடுக்க வேண்டுமா என்று அவர் யோசிப்பார்.

மருந்தைப் பற்றிப் பொய் சொல்லவே வேண்டாம், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கிழமையில் இரண்டு நாள் மாத்திரை மறந்துபோனதை மறைத்தால், இந்த அளவு மருந்து காணவில்லை என்று டொக்டர் கூட்டிவிடுவார். பிறகு நீங்கள் ஒழுங்காக எடுக்கத் தொடங்கும்போது பிரஷரோ சீனியோ அளவுக்கு மிஞ்சி இறங்கலாம். வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் உறையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஆயுர்வேத மருந்து, பாகற்காய்ச் சாறு, வெந்தயம், கோத்தல ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் கட்டையில் செய்த கோப்பையில் ஊற வைத்த தண்ணீர் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சிலவற்றுக்குச் சீனியைக் குறைக்கும் குணம் இருப்பதாலேயே டொக்டருக்குத் தெரிய வேண்டும். முழங்கால் நோவுக்குப் பாமசியில் வாங்கிப் போடும் டைக்குளோபெனாக்கை முக்கியமாகச் சொல்லுங்கள். அது பிரஷரைக் கூட்டும், லொசாட்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதி.

பிரஷர் பார்க்கும்போது ஓடிவந்த களைப்போடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிஷம் சாய்ந்து இருங்கள், கால் இரண்டும் நிலத்தில், கை இதய மட்டத்தில், வாய் மூடி. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தாலும் அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணி குடித்திருந்தாலும் எண் கூடக் காட்டும். கிளினிக்கைக் கண்டதும் ஏறுகிற பிரஷரும் உண்டு. வீட்டில் மெஷின் இருந்தால் கிளினிக்குக்கு முந்திய கிழமை காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை பார்த்து எழுதிக் கொண்டுபோங்கள். கிளினிக்கில் 140/90 என்பதற்கு நிகராக வீட்டில் 135/85 என்று கொள்வார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரிகளில் சில நேரம் டொக்டருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது, உங்களுக்குச் சிங்களம் வராது. வெட்கப்பட ஒன்றுமில்லை. எண்களும் மருந்தின் பெயரும் எழுதிய தாள் இரண்டு பேருக்கும் விளங்கும். மிச்சத்துக்கு நேர்ஸ் மிஸ்ஸிடம் உதவி கேளுங்கள், அல்லது மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். முடிவில், “காலையில் இது ஒன்று, இரவில் அது இரண்டு, சரிதானே?” என்று நீங்கள் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருந்திவிடும். இந்த முறை கேட்க வேண்டியவை என்று நான் நினைப்பது: என் சீனிக்கும் பிரஷருக்கும் எந்த எண் இலக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எவ்வளவு, கண்ணின் உட்பகுதியையும் கால் உணர்வையும் எப்போது பார்ப்பீர்கள். கண்ணில் பாதிப்பு இருந்தால் பாரம் தூக்கும் பயிற்சிகள் சில கூடாது, உணர்வு குறைந்த காலுக்குச் சப்பாத்தும் நடையும் வேறு மாதிரி.

மெட்போமின் தனியாகச் சீனியை ஆபத்தாக இறக்குவது அரிது. கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தால் கதை வேறு. அப்போது கை நடுங்கி, வியர்த்து, தலை கிறுகிறுத்தால் நடையை நிறுத்தி மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கைப்பையில் ஒரு சரை சீனி எப்போதும் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சை அழுத்துவது போலவோ, தாடைக்கும் இடது கைக்கும் நோ ஓடுவது போலவோ இருந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கடைசியாக, வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கும் நாளில் மாத்திரை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பொதுவாகப் பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு வழக்கம்போல் எடுக்கச் சொல்வார்கள், சீனி மாத்திரையை இரத்தம் எடுத்த பிறகு சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள். உங்கள் கிளினிக்கில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 8 முதல் 12 மணித்தியாலம் தண்ணீர் மட்டும் குடிக்கலாம், பிளேன்டீயும் கூடாது. அன்றைக்குக் காலை நடையை விட்டுவிடுங்கள், வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று சொல்ல ஏலாது. சாப்பாட்டுப் பார்சலைக் கையோடு கொண்டுபோங்கள், பின்னேரம் வந்து நடக்கலாம்.